பள்ளத்துக் குமிழி

தை மாதத்தில் ஆர்.கே.பேட்டை பஸ்ஸைப் பிடித்து அந்த ஏரிக்கு நான் போனது குமிழி பிடிக்க. சேற்றுக்கடியில், காற்றே புகாத இடத்தில், நுண்ணுயிர்கள் அழுகிய இலைதழையைத் தின்று வாயுவை விடும். கவிழ்த்த புனலில் அதைப் பிடித்து அளப்பது என் வேலை. படித்த திமிர் கொஞ்சம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன்.

கரையில் கூட்டம். மண் அள்ளிய பள்ளத்தில் முந்தின நாள் குளிக்க இறங்கிய வளவன் ஏறவில்லை. முங்கித் தேடிய இருவர் களைத்து உட்கார்ந்திருந்தார்கள். அவன் மனைவி துர்கா, பள்ளத்தின் நடுவே குமிழி வரும் இடத்தைக் காட்டினாள்.

"அங்கதான் கீறாரு. மூச்சு வுட்டுகினு கீறாரு."

"அது மூச்சு இல்லம்மா. சேத்து வாயு," என்றேன்.

நான் சும்மா இருந்திருக்கலாம். பத்தடி தள்ளி, நீளக் கழியால் சேற்றைக் குத்தினேன். அங்கேயும் குமிழி பொலபொலவென்று வந்தது. புனலில் பிடித்துத் தீக்குச்சி காட்டினேன். நீலமாக எரிந்தது. கூட்டம் நம்பிவிட்டது. தேடுகிறவர்கள் பள்ளத்தை விட்டு மதகுப் பக்கம் போனார்கள்.

துர்கா மட்டும் கேட்டாள்: "அழுவனதத் தின்னாதான காத்து வருது? எம் புருஷனத் தின்னா வராதா சார்?"

நான் புனலைக் கழுவிப் பையில் வைத்தேன்.

மூன்று நாள் தேடிவிட்டு விட்டுவிட்டார்கள். வைகாசியில் ஏரி வற்றியதும் எனக்குச் சொல்லியனுப்பினார்கள்.

துர்கா காட்டிய அதே இடம்.

இடுப்புவரை சேற்றில், நிமிர்ந்து, வாயைத் திறந்தபடி நின்றான். நான்கு மாதமாகியும் முகம் கெடவில்லை. எந்த நுண்ணுயிரும் அவனைத் தொட்டிருக்கவில்லை.

அன்று இந்த இடத்தில் நான் புனல் வைத்துப் பார்க்கவேயில்லை. அப்படியென்றால் இங்கே வந்தது என்ன?

"நீங்க சொன்னீங்கன்னுதான் வுட்டுட்டாங்க," என்றாள் துர்கா, என் முகத்தைப் பார்க்காமல். "நாலு மாசமா கூப்டுகினே இருந்துகீறாரு."

அன்று மாலையே எரித்தார்கள்.

மறுநாள் காலை, திருத்தணியில் என் அறையில், குளிக்க எவர்சில்வர் வாளியில் தண்ணீர் பிடித்தேன். தண்ணீர் அடங்கியதும் அடியிலிருந்து ஒரு குமிழி வந்தது.

வாளியில் சேறில்லை. அழுகுவதற்கு எதுவுமில்லை.

இன்னொன்று.

ஒரு ஆள் மூச்சு விடும் நேரம் கழித்து, மூன்றாவது.

கொட்டிவிட்டு மறுபடி பிடித்தேன். மறுபடி வந்தது. இன்று காலையும் வந்தது.

யாரிடம் போய்ச் சொல்வது? வெறும் வாயு என்பார்கள். நானும் அதைத்தானே சொன்னேன்.