கருமணல் குடாவில் சொன்ன சொல்

மகளின் மஞ்சள் கவுனை விடுதிக் குளியலறை வாளியில் அலசிக்கொண்டிருந்தவள், அடியில் கறுப்பாக ஏதோ படிவதைப் பார்த்து முதலில் சாயம் என்றுதான் நினைத்தாள். தண்ணீரைச் சாய்த்துவிட்டு விரலால் தொட்டாள். மணல். இடித்த மிளகைப்போலக் கரகரத்த கருமணல். மறுபடி அலசினாள், மறுபடி வந்தது. சலவைக்கடையில் உட்கார்ந்து ஊரார் துணிகளின் மடிப்பையும் ஓரத்தையும் தடவிப் பார்த்தே வயதைத் தேய்த்தவள் அவள். எந்த மணல் எந்தத் துணியை எப்போது விடும் என்று கைக்கே தெரியும். இந்தக் கவுன் இன்று காலைதான் பெட்டியை விட்டு வெளியே வந்தது. போய் வந்ததோ வெள்ளை மணல் கடற்கரைக்கு. கருமணல் குடாவுக்குப் போனது நேற்று. அதுவும் வேறு உடுப்பில்.

"என்னங்க, இங்க கொஞ்சம் வந்து பாருங்களேன்."

"இங்க வந்தும் துணி துவைக்கிறியா? செக்குமாட்டைக் கடற்கரைக்குக் கூட்டிட்டு வந்தாலும் அது சுத்திச் சுத்தித்தான் வரும்," என்றான் கணவன், கட்டிலை விட்டு எழாமல்.

அவன் பேருந்துப் பணிமனையில் டைம்கீப்பர். இந்தத் தீவுப் பயணத்தையும் வண்டிகளுக்கு நேரம் போடுவதைப்போலத்தான் போட்டிருந்தான்: காலையில் நீண்ட கடற்கரை, வெயில் ஏறினால் நிழல் இருக்கும் சங்குக் குடா, பொழுது சாய்ந்தால் பாறைமுனை. ஒரு கடற்கரையில் மகள் "இன்னும் கொஞ்ச நேரம்ப்பா" என்று கெஞ்சினால் விசிலை எடுத்து ஊதுவான். தாய்க்கோ எந்தக் குடாவும் வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் வந்தாள். வீட்டில் இருவரும் நேருக்கு நேர் பேசி வெகுகாலம் ஆகியிருந்தது. "அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு", "அம்மாகிட்ட சாவி எங்கன்னு கேளு" என்று எல்லாம் மகள் வழியாகத்தான். அந்த வீட்டில் உயிரோடு இருந்தது அந்தப் பிள்ளை ஒருத்திதான். ஓரிடத்தில் நிற்காதவள், வாய் ஓயாதவள், அதனால் எல்லாருக்குமே 'வாலு'. கடற்கரையில் மகள் குதிப்பதைப் பார்த்தாலாவது இவன் தன்னைப் பார்த்துச் சிரிப்பானோ என்ற நப்பாசை அவளுக்கு.

நேற்று அந்தக் குடாவில் இறங்கியதுமே அவளுக்குப் பிடிக்கவில்லை. மூன்று புறமும் கரும்பாறை, நடுவில் ஒரு முற்றம் அளவு மணல், கழுவாமல் மூடிவைத்த செம்புப் பாத்திரத்தைத் திறந்ததுபோல ஒரு வாடை. அலை ஓசையே இல்லாமல் ஏறி வந்தது. திரும்பும்போது மட்டும் யாரோ பல்லிடுக்கில் மூச்சை இழுப்பதைப்போல நீளமாக ஒலித்தது. படகுக்காரர் கரையில் கால் வைக்கவில்லை. இடுப்பளவு நீரில் படகைப் பிடித்தபடியே நின்றார். புறப்படும் நேரம் அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கணவன் விசிலை ஊதி, "ஏறுங்க, ஏறுங்க, அடுத்த டிரிப் போகணும்" என்று விரட்டினான்.

படகு நகர்ந்ததும் மகள் எழுந்து நின்று கையை ஆட்டிக் கத்தினாள்: "நான் போறேன்!"

"ஏய், போறேன்னு சொல்லாதே. போயிட்டு வரேன்னு சொல்லு," என்றாள் அவள். யோசித்துச் சொன்னதல்ல. வாசல் தாண்டும் எந்தப் பிள்ளைக்கும் எந்தத் தாயும் சொல்வதுதான்.

மகள் பாறைகளைப் பார்த்து, தொண்டை கிழிய, "போயிட்டு வரேன்!" என்றாள்.

பாறையிலிருந்து திரும்பி வந்தது ஒரே எழுத்து.

வா.

"எதிரொலி," என்று சிரித்தான் கணவன். "காலையிலேர்ந்து வாலு வாலுன்னு கத்துறோம், பாறைக்கும் பழகிப்போச்சு."

எதிரொலி சொல்லின் கடைசியைத்தானே திருப்பித் தரும் என்று அவளுக்குத் தோன்றியது. படகுக்காரர் மட்டும் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தார். "பிள்ளை முதல்ல சரியாத்தான் சொல்லுச்சு, யம்மா. அப்படியே விட்டிருக்கலாம்."

அந்த நேரம் தொட்டு மகள் வாய் திறக்கவில்லை. வைத்ததைச் சாப்பிட்டாள். சொன்ன இடத்தில் உட்கார்ந்தாள். இன்று வெள்ளை மணலில் எல்லாப் பிள்ளைகளும் தண்ணீரில் கிடக்க, இவள் மட்டும் அப்பாவின் நிழலில் கைகட்டி இருந்தாள். "பார்த்தியா, ஊர் மாத்தினா புத்தி மாறும்னு சொன்னேன்ல?" என்று கணவன் பூரித்துப்போனான். திரும்பி நடக்கையில் ஈர மணலில் மகளின் பாதங்களையே பார்த்துக்கொண்டு வந்தாள் அவள். காலை எடுத்த பிறகு தடத்தில் நீர் ஊறும். எல்லார் தடத்திலும் அப்படித்தான் ஊறியது. மகளுக்கு மட்டும், கால் வைக்கும் முன்பே, அந்த இடத்தில் நீர் ஊறி நின்றது.

வாளியை அப்படியே விட்டுவிட்டு அறைக்குள் வந்தாள். சாயங்கால வெளிச்சம் ஜன்னல் வழியே பாயில் விழுந்திருந்தது. மகள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். துவட்டி வெகுநேரம் ஆகியும் அவள் பின்னலின் நுனியிலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் இறங்கிக்கொண்டிருந்தது. பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்தாள். உலர்ந்த துணியின் கனமும் நனைந்த துணியின் கனமும் இருட்டிலும் அறிந்த கை அது. மடியில் இருந்தது நனைந்த கனம்.

"வாலு," என்றாள் மெதுவாக. "என்னடி கண்ணு? அம்மாகிட்ட பேசு."

பிள்ளை திரும்பிப் பார்த்தது. மரியாதையாகக் கேட்டது.

"வாலுன்னா யாரு?"

அவள் படகுத்துறைக்கு ஓடினாள். செருப்பு இல்லை. படகுக்காரர் வலையை உதறிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அந்தக் குடாவுக்கு என்னைக் கூட்டிட்டுப் போங்க. இப்பவே."

"பொழுது சாஞ்சா அந்தப் பக்கம் யாரும் போறதில்லைம்மா."

"என் பிள்ளை அங்க இருக்கா!"

பிள்ளை அங்கே இல்லை என்று அவர் மறுக்கவில்லை. அதுதான் அவளைக் கொன்றது. அவர் மறுத்திருந்தால் தனக்குத்தான் பைத்தியம் என்று நிம்மதியாகத் திரும்பியிருப்பாள்.

"போயிட்டு வரேன்னா அது ரெண்டு வேலைம்மா," என்றார் வலையிலிருந்து கண்ணெடுக்காமல். "போனது ஒண்ணு. உங்ககூட வந்தது வேற ஒண்ணு."

"நான் என்ன செய்யணும்?"

"காலையில நீங்க ஊருக்குப் போற பெரிய படகு அந்தக் குடா வாயோரமாத்தான் போகும். பிள்ளை கரையில நின்னா, பேர் சொல்லிக் கூப்பிடுங்க. அது உங்ககிட்ட வரணும்னு நினைக்கணும். பிள்ளையே மனசு வச்சாத்தான் திரும்பும்."

விடியும்வரை கணவனிடம் மன்றாடினாள். இத்தனை காலத்துக்குப் பிறகு அவன் முகம் பார்த்து இவ்வளவு நேரம் பேசியது அன்றுதான். "பிள்ளை இப்பத்தான் சொன்ன பேச்சு கேக்குது. அது உனக்குப் பொறுக்கலையா?" என்று திரும்பிப் படுத்துக்கொண்டான்.

பெரிய படகு நேரத்துக்குக் கிளம்பியது. கணவன் கைக்கடிகாரத்தைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினான். அவள் ஓரத்து இருக்கையில், எழுந்து கத்துவதற்குத் தயாராக உட்கார்ந்தாள். பாறைகள் தெரிந்தன. செம்பு வாடை. அலை ஏறியது, ஓசையில்லாமல். எழப் போனாள்.

பிள்ளை அவள் மடியில் ஏறி உட்கார்ந்தது.

ஊறிய கம்பளியைப்போல் கனம். தொடை இறுகியது. எழ முடியவில்லை. சில்லிட்ட கைகள் கழுத்தைச் சுற்றிக்கொண்டன. கன்னத்தோடு கன்னம் ஒட்டிக்கொண்டது.

குடாவின் வாய் திறந்தது.

மகள் நின்றாள். மார்பளவு நீரில். அம்மாவைக் கண்டதும் முகம் மலர்ந்தது. தூக்கிக்கொள் என்று இரண்டு கைகளையும் உயர்த்தினாள்.

"வா..." என்று தொடங்கினாள் அவள். குரல் வரவில்லை. கழுத்தைச் சுற்றிய கைகள் இன்னும் செல்லமாக இறுகின.

"குடும்பமா ஒரு படம் எடுத்துக்கலாமா?" என்றான் கணவன், அவள் தோளில் கை போட்டு. பல வருஷத்தில் முதல் தடவையாக.

மகள் பார்த்தாள். அப்பாவின் கையை. அம்மாவின் மடியை. மடியில் இருந்ததை. சிரிப்பு அடங்கியது. உயர்ந்த கைகள் தாழ்ந்தன. உதடு பிதுங்கியது, ஆனால் அழவில்லை.

பிறகு படகுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, ஆழத்தை நோக்கி, கோபித்துக்கொண்டு போகும் பிள்ளையின் நடையில், நிதானமாக நடந்தாள். தோள். கழுத்து. பின்னல்.