காலியாக இருக்கக் கூடாத வண்டி

அடையாறு காந்தி நகரில் அந்த வீட்டு வாசலில் ஆட்டோ நின்றபோது மாலை நான்கு மணி. தூங்குமூஞ்சி மரத்தின் நிழல் காம்பவுண்டுச் சுவரை முழுக்க மூடியிருந்தது. ஜலஜா நாற்பத்தொரு நாள் குழந்தையை நெஞ்சோடு அணைத்தபடி இறங்கினாள். இறங்கும்போதே வலது மணிக்கட்டு விண்ணென்று தெறித்தது.

பிரசவத்துக்குப் பிறகு அந்தக் கையில் பலமே இல்லை. தட்டு நழுவியது, சொம்பு நழுவியது. அடுத்தது மஹதியாக இருந்துவிட்டால்? ஆறு வருஷம் காத்திருந்து பெற்ற பெண். அவளைத் தூக்கிக்கொண்டு நாலடி நடக்கவே தாய்க்குப் பயம். குழந்தையைக் கிடத்தித் தள்ளிப் போகிற வண்டியை விட்டால் வேறு கதி ஏது?

அவள் கணவன் வெங்கடரமணனுக்குக் கிண்டியில் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை. தி. நகர் கடையில் இருந்த இரண்டு வண்டிகளையும் அதே கண்ணால் பார்த்துத் தள்ளிவிட்டான். ஒன்று, கைப்பிடியில் பையை மாட்டியதும் மல்லாந்தது. இன்னொன்றில் உட்காரத்தான் முடியும். கழுத்து நிற்காத குழந்தையை அதில் எப்படிக் கிடத்துவது? அப்புறம்தான் பேப்பரில் அந்த விளம்பரம். அமெரிக்க ஸ்ட்ரோலர், உபயோகிக்காதது.

கதவைத் திறந்தவர் பத்ரிநாராயணன் என்ற எழுபது வயதுக்காரர். நேரே பின்பக்கக் கார் ஷெட்டுக்கு அழைத்துப் போனார். துருவும் எலி நாற்றமும் மூக்கில் ஏறின. அவற்றுக்கு நடுவே, இப்போதுதான் போட்டது போல், குழந்தைப் பவுடர் வாசனை.

நீல வண்டி. தூசி இல்லை. உள்ளே பட்டைகளால் இறுக்கிக் கட்டப்பட்டு ஒரு கல் படுத்திருந்தது.

அம்மிக் குழவி. நுனியில் ஒரு மைப்பொட்டு.

ஜலஜாவுக்கு வியப்பில்லை. பதினோராம் நாள் மஹதியைத் தொட்டிலில் போட்டபோதும் முதலில் குழவியைக் குளிப்பாட்டி, மை வைத்து, அதைத்தான் கிடத்தினார்கள். தொட்டிலில் எது காத்திருந்தாலும் கல்லை வாங்கிக்கொண்டு போகட்டும் என்பது ஐதீகம். பிறகு கல்லை எடுத்துவிட்டுத்தான் பிள்ளை. இங்கே கல்லை யாரும் எடுக்கவில்லை போலிருக்கிறது.

வெங்கடரமணன் பட்டையை அவிழ்த்தான்.

"அத எடுக்காதேள்" என்றார் பெரியவர்.

"பெல்ட்டப் பாக்க வேண்டாமா மாமா?"

"காலியா இருக்கப்படாது அது."

"ஏன்?"

பெரியவர் குழந்தையைப் பார்த்தார். உடனே பார்வையை விலக்கிக்கொண்டார். "எம்பொண்ணு வயத்துல இருக்கறச்சேயே வாங்கிண்டு வந்துட்டா. பொறக்கறதுக்கு முன்னாடி வாங்கப்படாதுன்னு சொன்னேன், கேக்கல. பழகிக்கறேன்னு தெனமும் காலி வண்டிய ஹால்ல தள்ளிண்டு நடப்பா. குழந்தை ஆத்துக்கு வரல. வண்டி மட்டும் காத்துண்டிருக்கு." பிறகு வேறு குரலில் சொன்னார்: "பிரேக் நன்னாப் பிடிக்கும். அதப் பத்திக் கவலையே வேண்டாம்."

அதற்குள் வெங்கடரமணன் கல்லைத் தூக்கிவிட்டான். "அட, சுடறதே!" என்று சிரித்தான். பெரியவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். ஒரு கையை நுனிக்கடியில் கொடுத்து, தலை தொங்காமல்.

"கல்லையும் எடுத்துண்டு போங்கோ."

"எங்காத்துலயே ஒரு குழவி இருக்கு மாமா. ரெண்டு அம்மியா அரைக்கப் போறோம்?"

வண்டியை மடித்து ஆட்டோவின் பின்பக்கம் ஏற்றும்போது ஆட்டோக்காரர் பஞ்சாட்சரம் முகம் சுளித்தார். "இன்னா சார், பாக்கத் தக்கை மாதிரி கீது, தூக்குனா இந்தக் கனம் கனக்குது? உள்ள யாரனா குந்திக்கினு கீறாங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள்.

சித்திரக்குளத்துக்குப் பக்கத்தில் அவர்களுடைய கீழ்ப்போர்ஷன். வந்ததும் வெங்கடரமணன் செய்த முதல் காரியம், எதிர்ப் பழைய பேப்பர் கடைத் தராசில் வண்டியை நிறுத்துப் பார்த்தது. அவன் சுபாவம் அது. ஏழு கிலோ இருநூறு கிராம். நோட்டில் குறித்துக்கொண்டான்.

தினமும் சாயங்காலம் ஜலஜா குளத்தைச் சுற்றி வண்டியைத் தள்ளினாள். குண்டும் குழியுமான தெருவில் அது தண்ணீரில் போவது போல் போயிற்று. மஹதி கிடத்தியவுடன் தூங்கினாள். ஜலஜாவுக்குக் கண்ணீரே வந்தது. இனி என் கையிலிருந்து நழுவாது என் பெண்.

ஆனால் ஒன்று. மஹதியைத் தூக்கிய பிறகும் மெத்தையில் அவள் கிடந்த பள்ளம் அப்படியே இருந்தது.

தடவிச் சமப்படுத்துவாள். திரும்பி வந்து பார்த்தால் மறுபடியும் பள்ளம்.

நாலாம் நாள், அவிழ்த்துப் போட்ட பட்டைகள் பூட்டியிருந்தன.

ஆறாம் நாள், பிரேக் போட்ட வண்டி ஹாலிலிருந்து படுக்கையறை வாசலுக்கு வந்திருந்தது.

"பிரேக் போட்டேளா?"

"போட்டேனே."

வெங்கடரமணன் குனிந்து பிரேக்கை மறுபடியும் அழுத்திப் பார்த்தான்.

பத்தாம் நாள் டாக்டரிடம் போனார்கள். மஹதி நானூறு கிராம் இறங்கியிருந்தாள். "காய்ச்சல் இல்லை, வயிறும் சுத்தமா இருக்கு. குழந்தை இந்த வயசுல ஏறணும்மா, இறங்கக் கூடாது. இன்னும் குறைஞ்சா அட்மிட் பண்ணணும்" என்றார் டாக்டர். கன்னம் ஒட்டி, மஹதியின் கண்கள் பெரிதாகத் தெரிந்தன.

வீட்டுக்கு வந்த வெங்கடரமணன் சட்டையைக்கூடக் கழற்றாமல் வண்டியைத் தூக்கிக்கொண்டு பேப்பர் கடைக்குப் போனான். திரும்பி வந்து நோட்டை அவள் முன்னால் வைத்தான். எழுத்து கோணல் மாணலாக இருந்தது.

ஏழு கிலோ அறுநூறு.

அடுத்த அரைமணியில் அடையாறு. வீடு பூட்டியிருந்தது. நீங்கள் வந்து போன மறுநாளே மகள் வந்து பெரியவரை அழைத்துப் போய்விட்டாள் என்றார் பக்கத்து வீட்டுக்காரர். கேட் கம்பி வழியாக ஜலஜா பார்த்தாள். பின்னால் திறந்து கிடந்த கார் ஷெட்டுத் தரையில் அந்தக் குழவி கிடந்தது.

நடுவே பிளந்து, இரண்டாக.

"வண்டியக் கடல்ல போட்டுடறேன்" என்றான் வெங்கடரமணன்.

"போடப்படாது."

"பைத்தியமா நோக்கு?"

"அதுல இருக்கற நானூறு கிராம் எம்பொண்ணோடதுன்னா. அத விட்டுட்டு வரச் சொல்றேளா?"

வீட்டுக்கு வந்ததும் தங்கள் குழவியைக் கழுவினாள். எண்ணெய் தேய்த்தாள், வெந்நீர் விட்டாள், துவட்டினாள், மை வைத்தாள். வலிக்கிற மணிக்கட்டோடு மூச்சைப் பிடித்துக்கொண்டு அதைத் தூக்கி வண்டியில் கிடத்தினாள். பட்டைகளைப் பூட்டினாள். பிறகு குனிந்து, குழந்தைக்குச் சொல்வது போல ரகசியமாகச் சொன்னாள்.

"இது நோக்கு. அவ எனக்கு."

வண்டியைக் கடைசி அறையில் வைத்து வெளியே தாழ் போட்டாள். அன்றிலிருந்து மஹதி அவள் கையை விட்டு இறங்கவில்லை. கை வலித்தால் தூளியாகப் புடவையைக் கட்டி அதில் சுமந்தாள். வலியைப் பார்த்தால் முடியுமா?

நீங்கள் பயப்பட வேண்டாம், குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. எட்டே நாளில் நானூறு கிராமும் திரும்பி வந்தது, அதற்குமேல் நூறும் ஏறியது. டாக்டர் சிரித்தார். வெங்கடரமணன் நோட்டை மூடி வைத்துவிட்டு வெகு நாளைக்குப் பிறகு விசிலடித்தான்.

மறுநாள் பிற்பகல். வெங்கடரமணன் ஆபீஸ் போயிருந்தான். மஹதி வயிறாரக் குடித்து, ஏப்பம் விட்டு, ஜலஜாவின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். தெருவில் கீரைக்காரியின் குரல் தேய்ந்து மறைந்தது. வீடு ஓசையற்றுப் போயிற்று.

கடைசி அறையிலிருந்து ஒரு சிணுங்கல்.

மிக மெல்லியது. பசிச் சிணுங்கல். பெற்றவளுக்கு அது தெரியாமலிருக்குமா?

தோளில் மஹதி அசையவில்லை. வாய் மூடியிருந்தது.

மறுபடியும் சிணுங்கல். பிறகு அழுகை.

ஜலஜா வேண்டாம் வேண்டாம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். உடம்பு கேட்கவில்லை. மார்பு கனத்துப் பால் சுரந்தது. இரவிக்கை ஓரம் நனைந்தது.

அவள் எழுந்திருக்கவில்லை. இரண்டு கையாலும் மகளை இறுக்கிக்கொண்டு, தாழ் போட்ட கதவையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

அழுகை நின்றது.

அப்புறம், கதவுக்கு அந்தப் பக்கம், விட்டு விட்டு, அவசரமில்லாமல், மடக் மடக்கென்று விழுங்கும் ஓசை. ஒவ்வொரு மடக்குக்கும் அவள் மார்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கனம் இழந்துகொண்டே வந்தது.