மூன்று காப்பி

அம்பத்தூர் எஸ்டேட் டேட்டா சென்டரில் கிஷோர் காவலிருக்கும்வரை எதுவும் சாகாது. இது தற்பெருமை அல்ல, தொழில்நுட்பம் என்றுதான் அவன் போனில் அபிஷேக்குக்கு விளக்கிக்கொண்டிருந்தான்.

“நாப்பத்தெட்டு சர்வர் மச்சான். எந்த ஃபைலா இருந்தாலும் மூணு காப்பி. ஒண்ணு பூட்ச்சுன்னா, மத்த ரெண்டையும் பாத்து அதுவே புதுசா செஞ்சிக்கும். கடவுளுக்கே இந்த வசதி கிடையாது.”

“சிவராமன் சாருக்கும் கிடையாதே மாமே.”

கிஷோர் சிரித்தான். “நெஞ்சு வலிச்சா ஆஸ்பத்திரிக்கு ஓடணும்டா. ஸ்கிரீன்ல பச்சை சிவப்பாயிடும்னு சேர்லயே உக்காந்து சாவுற மனுஷனை இன்னா பண்றது?”

போன மாதம் ஒரு இரவு ஷிப்ட், இதே நாற்காலி. வந்து தன்னை மாற்றிவிடச் சொல்லி சிவராமன் பதினொரு முறை அழைத்ததையும், பத்து நிமிடத் தொலைவில் மேனாம்பேட்டில் படுத்திருந்த தான் போனைச் சைலண்ட்டில் போட்டதையும் அவன் அபிஷேக்கிடம் சொல்லவில்லை. காலையில் வந்து பார்த்தபோது திரை பச்சையாக இருந்தது. ‘சேவையில் தடங்கல் இல்லை’ என்று அறிக்கை எழுதினான். உண்மைதானே.

இன்று ஆயுத பூஜை. ரேக்குகளுக்கெல்லாம் குங்குமம் வைத்து, ஆளுக்கொரு பொரிப் பொட்டலத்தோடு மதியமே எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். ஆறு மணிவரை திரை பச்சையாகவே இருந்தால் கிஷோருக்கு வேலை நிரந்தரம். மேனேஜர் வாய்விட்டே சொல்லியிருந்தார்.

மூன்றரைக்கு, நிரம்பிய கொள்ளளவு எழுபத்தொன்றிலிருந்து எழுபத்திரண்டு சதவீதம் ஆனது.

விடுமுறை நாளில் யார் புதிதாக ஃபைல் எழுதுகிறார்கள்? பதிவைத் திறந்தான். ஒரு காப்பி குறைகிறது, மற்ற இரண்டிலிருந்து உருவாக்கப்படுகிறது என்றிருந்தது. எந்த டிஸ்க்கும் பழுதாகவில்லை. கண்ணாடிச் சுவருக்கு அப்பால் நாற்பத்தெட்டு சர்வர்களின் விசிறிகளும் ஒரே சுருதியில் இரைந்துகொண்டிருக்க, ஏசியின் உலர்ந்த குளிருக்குள், நசுங்கிய சாமந்தியின் வாடைக்குக் கீழே, நெஞ்சில் தேய்த்துக்கொள்ளும் தைலத்தின் நெடி மெல்ல, கூச்சத்தோடு வருவதுபோல் வந்து அவன் பக்கத்தில் நின்றது.

இண்டர்காமில் வாசலை அழைத்தான். விடுமுறைக்காக அன்று மட்டும் வந்திருந்த செக்யூரிட்டி ஏகாம்பரம் எடுத்தார்.

“அண்ணாத்தே, உள்ள யாராச்சும் வந்தாங்களா?”

“உங்காளுதான் நைனா. நோட்டுல எழுதிக்கீறாரே… சிவராமன். வந்து அரை மணி ஆவுது.”

“யாரு?”

“சிவராமன்பா. அதான் எனக்கே கொயப்பமா கீது. ரெண்டு வாட்டி உள்ள வந்தாரு. ஒரு வாட்டிகூட வெளிய போவல.”

எண்பத்தொன்று சதவீதம்.

கிஷோர் தலையைத் திருப்பவில்லை. திருப்பாமலே தெரிந்தது. கண்ணாடிக்குப் பின்னால், பதினான்காம் சர்வர் அருகே, சிவராமனின் கோடு போட்ட நீலச் சட்டை, இடது மார்பைப் பிடித்த கை. அடுத்த வரிசைக் கோடியில் இன்னொருவர். அதே சட்டை. இடது மார்பின் மேல் அதே கை.

அவர்களுக்கு நடுவே இரண்டு கால்கள். இடுப்புவரை.

‘நிறுத்து’ பொத்தான் திரையில்தான் இருந்தது. ஒரு சொடுக்கில் காப்பி நின்றுவிடும். திரையும் சிவந்துவிடும்.

மணி நான்கு ஐம்பது.

தொண்ணூறு. வயிறு வந்தது. கை வந்தது. கை மார்புக்குப் போனது.

கிஷோர் மவுஸிலிருந்து விரலை எடுத்தான். நாற்காலியை மேசையோடு நெருக்கிக்கொண்டான். பச்சையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

தொண்ணூற்றொன்பது.

மூன்றாவதற்கு முகம் மட்டும் பாக்கி. மற்ற இருவரும் பொறுமையாக அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.