நடுவில் உட்கார்ந்தவர்

"கார் எனக்கு வேண்டாம், அக்கா. இதை அவன்தான் எழுதினவனா எண்டு மட்டும் பாத்துச் சொல்லுங்கோ."

யோன் கடிதத்தை மேசையில் வைத்துவிட்டுக் கதிரையின் நுனியில் உட்கார்ந்தார். அன்னமலருக்கு அன்று அது ஏழாவது விவகாரம். முப்பது வருடமாக வாகனக் காப்புறுதி மதிப்பீட்டாளர். பொய்களைப் படித்துப் படித்துக் கண் எரிந்தது. ஆனாலும் படித்தார்.

யோனின் நண்பர் பார்த்தசாரதி மூன்று மாதத்துக்கு முன் இறந்துபோனார். எழுபதுகளின் அமெரிக்கச் சொகுசுக் கார்கள் இரண்டு வைத்திருந்தார். கடிலாக் எல்டொராடோ ஒன்று, லிங்கன் மார்க் ஃபோர் ஒன்று. பதினொரு வருடம் சனிக்கிழமை தவறாமல் யோனும் அவரும் அவற்றைப் பழுதுபார்த்தார்கள். கடிலாக் யோனுக்குத்தான் என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தார். இப்போது அவர் அலமாரியில் கிடைத்ததாக, மனைவிக்கு எழுதிய தட்டச்சுக் கடிதம் ஒன்று, கையெழுத்து இல்லை.

'இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டேன். கடிலாக் 8.2 லிட்டர், லிங்கன் 7.5. லிங்கனில் தரை தட்டை, முன்னால் மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். கடிலாக்கில் நடுவே மேடு, கால் மரத்துப்போகிறது. இரண்டையும் தம்பிக்கே கொடு. யோன் பாகங்களைத் திருடுகிறான். அவனை உள்ளே விடாதே.'

"இன்ஜின் அளவெல்லாம் கரெக்ட், மேடம்," என்றான் உடன் வேலை செய்யும் விவேக். அவன் கண்ணில் அப்போதே வேட்டை தெரிந்தது. "கார் தெரிஞ்சவங்கதான் எழுதியிருக்கணும்."

"அது போனில தேடினா வரும்," என்றார் அன்னமலர். "வெளிக்கிடுங்கோ, நேரில போய்ப் பாப்பம்."

நோபல் பார்க்கில் பார்த்தசாரதியின் வீட்டு வாசலில் இழுவை லாரி நின்றது. பார்த்தசாரதியின் தம்பி சுதர்சனுடையது.

"ரெண்டையும் நீங்கள் இழுத்திருக்கிறீங்களா?" என்று கேட்டார் அன்னமலர்.

"எத்தனையோ தடவை. கடிலாக்குல இன்ஜின் சுத்துறது முன் சக்கரத்தை, அதனால முன்பக்கம் தூக்கணும். லிங்கனுக்குப் பின்பக்கம். மாத்தித் தூக்கினா அண்ணன் என்னைக் கொன்னிருப்பாரு."

கராஜில் இரண்டு கார்களும் கிடந்த நீளத்துக்கு நடக்க இடமில்லை. பார்த்தசாரதியின் மனைவி விமலா தேநீர் கொண்டுவந்தார். பின்பக்கம் முட்டை வடிவக் கண்ணாடி வைத்த காரின் மேல் கையை வைத்தார்.

"இந்தக் கடிலாக்லதான் கேரம் டவுன்ஸ் கோயிலுக்குப் போவோம். ரெண்டே கதவு, பின்னால ஏறி இறங்க முடியாது. அவர், நான், யோன் அண்ணா மூணு பேரும் முன்னாலயே உட்கார்ந்துப்போம்."

விவேக் வாயைத் திறந்தான். அன்னமலர் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான். பிறகு அவர் குனிந்து இரண்டு கார்களின் தரையையும் தடவிப் பார்த்தார். நிமிர்வதற்கு முழங்கால் ஒத்துழைக்கவில்லை.

அரை மணிக்குப் பின் யோனையும் சேர்த்து எல்லோரையும் கராஜிலேயே இருக்கச் சொன்னார்.

"கடிதத்தில பேர் ரெண்டும் மாறிப்போச்சு. முன் சக்கர இழுவை எண்டபடியால் பின்னுக்குப் போற தண்டு இல்லை, கடிலாக்கில்தான் தரை தட்டை. மேடு லிங்கனில். பதினொரு வருசம் வைச்சிருந்த மனுசன் மாத்தி எழுதான். சுதர்சனும் மாத்தமாட்டார், மாத்தித் தூக்கினா கார் போயிடும். இன்னொண்டு. ஓட்டுறவருக்கு அந்த மேடு தெரியாது. கால் மரத்துப்போறது நடுவில இருக்கிற ஆளுக்கு." லிங்கனின் முட்டைக் கண்ணாடியைக் காட்டினார். "இதைக் கடிலாக் எண்டு சொன்னது நீங்கள், விமலா."

விமலா மறுக்கவில்லை.

"அவங்க ரெண்டு பேரும் என் தலைக்கு மேல பேசிட்டே வருவாங்க. கார்புரேட்டர், கேஸ்கெட். கோயில் வர்ற வரைக்கும் நான் காலை மடக்கி உட்கார்ந்திருப்பேன். அவர் போனப்புறமும் சனிக்கிழமை காலையில வந்து இன்ஜினை ஸ்டார்ட் பண்றீங்க, யோன் அண்ணா. தூக்கத்துல கேட்டா, அவர்னு எழுந்து வர்றேன். தினமும் இல்ல, வாரம் ஒரு தரம் எனக்கு அவர் சாகறார்."

யோன் அவர் பக்கம் திரும்பினார்.

"சொல்லியிருக்கலாமே, தங்கச்சி. ஸ்டார்ட் பண்ணாட்டிப் பற்றரி இறங்கிப்போகும் எண்டுதான் வந்தனான்."

"சொல்ல வாய் வரல. திருடன்னு எழுதினா வரமாட்டீங்கன்னு தோணிச்சு. தப்புதான்."

"அவன் அப்பிடி நினைக்கேல்லைதானே?"

"இல்ல. ஒரு நாளும் இல்ல."

யோன் தலையாட்டினார். கடிதத்தை வாங்கி நாலாக மடித்துக் கிழித்தார். பிறகு கடிலாக்கின் கதவைத் திறந்தவர், ஏறாமல், சுதர்சனைத் திரும்பிப் பார்த்தார்.

"தம்பி, இங்க ஸ்டார்ட் பண்ண வேண்டாம், தங்கச்சிக்குக் கேக்கும். தெருமுனை வரைக்கும் தள்ளிக்கொண்டு போவம்."

இரண்டு டன்னுக்கு மேற்பட்ட எடை. விவேக்கும் தோள் கொடுத்தான். கார் சத்தமில்லாமல் மெல்ல வெளியே நகர்ந்தது. அன்னமலர் விமலாவுக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து நின்று, ஆறிப்போன தேநீரைக் குடித்து முடித்தார்.