அம்மா சொன்னது அது இல்லை

பவானி ஐந்தே முக்காலுக்கு எழுந்தாள். பாயைச் சுருட்டி மூலையில் நிறுத்தினாள். பல் தேய்த்தாள். குடத்துத் தண்ணீரைத் துணியால் வடிகட்டிப் பானையில் ஊற்றினாள். மொட்டை மாடிக்குப் போய்க் கொடியிலிருந்த அப்பாவின் காக்கிச் சட்டையை எடுத்தாள். மூன்று முறை உதறினாள். கறுப்பாகத் தூள் பறந்தது. எண்ணூரில் துணி காயப்போட்டால் அப்படித்தான். நிலக்கரித் தூள் யார் வீட்டுக் கொடி என்று பார்க்காது. சட்டையை மடித்துக்கொண்டு கீழே வந்து இரண்டு பேருக்கு டீ போட்டாள்.

அப்பா பொன்ராஜ் ஆறரை மணிக்கு வந்தார். கன்டெய்னர் யார்டில் அவருக்கு இரவு வேலை.

"சாப்ட்டியா?" என்றார்.

"இன்னும் இல்ல நைனா."

"ம்."

அவ்வளவுதான் பேச்சு. இரண்டு வருடமாக அவ்வளவுதான்.

பள்ளிக்கூட வாசலில் ஆறாம் வகுப்புப் பையன்கள் காத்திருந்தார்கள். ஒருவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள்முன் விழுந்தான்.

"டாக்டரம்மா! வயித்துவலி! ஊசி போடுங்க!"

"அவனுக்கு ஊசி பத்தாது. அறுத்துத்தான் பாக்கணும்" என்றாள் பவானியின் தோழி அஜீசுன்னிசா. "உள்ள வெறும் பஜ்ஜிதான் இருக்கும்."

பவானி சிரிக்கவில்லை. அவளுக்கு டாக்டர் என்று பெயர் வந்தது ஒரு பாட்டால். அந்தப் பாட்டு வந்தது அவள் அம்மா இறந்ததால்.

அந்தப் பக்கத்தில் யாராவது இறந்துபோனால் வீட்டு வாசலில் பந்தல் போட்டுக் கானா பாடுவார்கள். பாடுகிறவர் சும்மா வந்து பாடிவிட மாட்டார். முதலில் வீட்டுக்காரர்கள் பக்கத்தில் உட்கார்ந்து விசாரிப்பார். போனவர் பெயர் என்ன? என்ன வேலை செய்தார்? எதற்குச் சிரிப்பார்? கடைசியாக என்ன சொன்னார்? கேட்டதையெல்லாம் பாட்டுக்குள் கோத்துவிடுவார். தெருவே அழும்.

பவானியின் அம்மா மலர் காசிமேட்டில் இறால் உரிக்கும் கம்பெனியில் வேலை செய்தாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் காலையில் வேலைக்குப் புறப்பட்டுப் போனாள். பெரிய ரோட்டைத் தாண்டும்போது ஒரு லாரி மோதிவிட்டது. அவள் திரும்பி வரவில்லை.

அன்று பந்தலில் பாட வந்தவர் டோல்கேட் சைமன். அப்போது அவரை நாலு தெருவுக்குத்தான் தெரியும். அவர் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டார்.

"அண்ணே, அண்ணி கடைசியா இன்னா சொன்னாங்க?"

அப்பாவுக்கு எப்படித் தெரியும்? அவர் அப்போது யார்டில் இருந்தார். வீட்டில் இருந்தவள் பவானி ஒருத்திதான். அவளுக்கு அப்போது ஒன்பது வயது. சொல்லலாம் என்று வாயைத் திறந்தாள். அதற்குள் அப்பா சொல்லிவிட்டார்.

"எம் பொண்ண டாக்டராக்குன்னு சொன்னா."

பவானி வாயை மூடிக்கொண்டாள். சைமன் பாடினார்.

*டாக்டராவணும் பவானி, தாயி சொன்ன பேச்சு இது*
*ஊசி பிடிக்கும் கையப் பாக்க ஒன் தாயி எங்க போயிடுச்சு*

யாரோ செல்போனில் படம் எடுத்தார்கள். யாரோ அனுப்பினார்கள். ஒரே வாரத்தில் ஊரெல்லாம் பார்த்தது. சைமன் சினிமாவில் பாட ஆரம்பித்தார். இப்போது ஆட்டோவில் அவர் குரல், டீக்கடையில் அவர் குரல். எங்கே போனாலும் அம்மா சொல்லாததை அம்மா சொன்னதாகக் கேட்க வேண்டியிருந்தது.

பவானிக்கு ஒரு பயம் இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. சில நாள் கனவில் வரும் அம்மாகூட அந்த டாக்டர் பேச்சையே சொன்னாள். அம்மா நிஜமாகச் சொன்னது கொஞ்சம் கொஞ்சமாக அழிந்துகொண்டிருந்தது. அதனால் தினமும் காலையில் மாடியில் நின்று அதை ஒருமுறை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்வாள்.

அன்று மாலை வீட்டு வாசலில் ஒரு பெரிய கார் நின்றது. கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஓர் அக்கா இறங்கினாள். டி.வி.யிலிருந்து வந்திருந்தாள்.

"சைமன் சாருக்கு ஒரு பாராட்டு விழா எடுக்கிறோம் சார். அவருக்கே தெரியாது. சாதாரணப் பேட்டின்னு சொல்லிக் கூப்பிட்டிருக்கோம். வந்து உட்கார்ந்ததும் ஒவ்வொருத்தரா மேடைக்கு வருவாங்க. கடைசியா பவானி. டாக்டர் கோட்டு போட்டுக்கிட்டு வந்து, அம்மா கடைசியா சொன்னதை ஒரு வரி சொல்லணும். அவ்வளவுதான்."

அப்பா தரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். "சைமன் நல்லவன். நம்ம வூட்டுக்கு வந்து பாடுனவன்" என்றார். பிறகு தலையசைத்தார்.

மறுநாள் விஷயத்தைக் கேட்டதும் அஜீசுன்னிசா குதித்தாள்.

"டி.வி.யா! இன்னா பேஜாரு உனக்கு? ஒரு வரிதானே? சொல்லிட்டு வந்துரு."

"எங்கம்மா அது சொல்லலடி."

"அப்ப வேற இன்னா சொன்னாங்க?"

நிஜத்தைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும். அப்ப அந்த டாக்டர் கதையை யார் சொன்னது? அப்பாவைத் தெருவே பொய்க்காரர் என்று சொல்லும்.

"மறந்துட்டேன்" என்றாள். அதுவும் பொய்தான்.

படப்பிடிப்பு பூந்தமல்லிப் பக்கம். போய்ச் சேர இரண்டு மணி நேரம் ஆனது. அப்பா துவைத்த காக்கிச் சட்டையே போட்டுக்கொண்டு வந்தார். ஒப்பனை அறையில் பவானிக்கு வெள்ளைக் கோட்டு மாட்டினார்கள். அது முழங்காலுக்குக் கீழே தொங்கியது. கோட்டின் கையை நாலாக மடித்து ஊக்குக் குத்தினார்கள். கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்.

பவானி அதைக் காதில் வைத்து, இன்னொரு முனையை அப்பாவின் நெஞ்சில் வைத்துப் பார்த்தாள்.

"நைனா, ஒண்ணுமே கேக்கல."

"அது டம்மி, பாப்பா" என்றாள் டி.வி. அக்கா.

"நானா?" என்றார் அப்பா.

பவானி சிரித்துவிட்டாள். அப்பா வேடிக்கையாகப் பேசி இரண்டு வருடமாயிற்று. அவரும் சிரிக்கப் பார்த்தார். பாதியில் நின்றுவிட்டது.

மேடையில் சைமன் ராஜா நாற்காலி மாதிரி ஒன்றில் உட்கார்ந்திருந்தார். புதுச் செருப்பு கடிக்கிறதோ என்னவோ, காலை மாற்றி மாற்றி வைத்தார். முதலில் பெரிய பாடகர்கள் வந்து மாலை போட்டார்கள். அவருடைய பழைய டோலக்குக்காரர் வந்தார். சைமன் கண்ணைத் துடைத்தார். பிறகு விளக்கெல்லாம் அணைந்தது. அந்தப் பாட்டு ஒலித்தது. ஒரே ஒரு வெளிச்சம் பவானியின் மேல் விழுந்தது.

சைமன் எழுந்தே விட்டார். "நம்ம மலரு அண்ணி புள்ளையா! இன்னாமா இது, இவ்ளோ வளந்துட்ட!"

நிகழ்ச்சி நடத்துகிறவர் மைக்கை நீட்டினார். "இந்தக் குழந்தை பவானியோட தாயார் கடைசியா சொன்ன வார்த்தைதான் இன்னைக்கு உலகமே பாடுற பாட்டு. நீயே சொல்லும்மா. அம்மா என்ன சொன்னாங்க?"

பவானி கீழே பார்த்தாள். முன்வரிசையில் அப்பா இருந்தார். எல்லோரும் மேடையைப் பார்த்தார்கள். அவர் மட்டும் தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேமரா ஒன்று அவர் முகத்துக்கு வெகு பக்கத்தில் நின்றது.

பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. நிஜத்தைச் சொன்னால் அந்தக் கேமரா அப்பாவை விடாது.

"எங்கம்மா சொன்னத இங்க சொல்ல மாட்டேன்" என்றாள்.

பவானி சைமன் பக்கம் திரும்பினாள். "ஆனா சைமன் அண்ணனுக்கு ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு எங்க நைனாக்கு அழுகையே வரல. செவுத்த பாத்துகினே குந்திகினு இருந்தாரு. எனக்கு பயமா இருந்துச்சு. நீங்க பாடுனப்போதான் அழுதாரு. அதுக்கு தேங்க்ஸ்ணா."

"கட்!" என்று எங்கிருந்தோ ஒரு குரல் கேட்டது.

டி.வி. அக்கா ஓடிவந்தாள். "பாப்பா, நல்லா பேசின. ஆனா அந்த ஒரு வரி வேணும். அதுக்குத்தான் இவ்வளவும். இன்னொரு தடவை எடுக்கலாமா?"

"வேணாம்கா."

"ஒரே ஒரு வரி பாப்பா. கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லிடு."

சைமன் பவானியைப் பார்த்தார். முன்வரிசையில் குனிந்திருந்த பொன்ராஜைப் பார்த்தார். ஏதோ கேட்க வந்தவர் கேட்கவில்லை. பந்தல் பந்தலாக உட்கார்ந்து விசாரித்தவருக்கு அது புரிந்திருக்கும்.

"வுட்ருங்க மேடம். புள்ள வேணாம்னா வேணாம்" என்றார். மைக்கை வாங்கி நாற்காலியில் வைத்தார்.

புறப்படும்போது கோட்டையும் ஸ்டெதாஸ்கோப்பையும் டி.வி.க்காரர்களே வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சி டி.வி.யில் வந்தது. தெருவில் பாதிப் பேர் பவானி வீட்டில்தான் இருந்தார்கள். விளக்கு அணைந்தது. பாட்டு வந்தது. வெள்ளைக் கோட்டில் பவானி வந்தாள். சைமன் எழுந்து நின்றார். பிறகு பவானியின் முதுகு மட்டும் தெரிந்தது. ஒரு சின்னக் குரல், மணி மாதிரி, சொன்னது:

"என்னை மருத்துவராக்க வேண்டும் என்றுதான் என் அம்மா கடைசியாகச் சொன்னார்கள்."

கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. டி.வி.க்குள் எல்லோரும் அழுதார்கள். வீட்டுக்குள் வந்திருந்தவர்களும் மூக்கைச் சிந்தினார்கள்.

"ஏய், அது உன் குரலே இல்ல!" என்று கத்தினாள் அஜீசுன்னிசா. "உனக்கு இவ்ளோ ஷோக்கா தமிழ் பேச வராதே!"

"ஆமா" என்றாள் பவானி. "வராது."

அவள் சைமனுக்குச் சொன்ன நன்றி வரவே இல்லை. சோப்பு விளம்பரம் வந்தது.

பவானி அப்பா உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தாள். அங்கே அவர் இல்லை. ஷிஃப்டுக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. அப்போதே கிளம்பிப் போயிருந்தார்.

மறுநாள் பவானி ஐந்தே முக்காலுக்கு எழுந்தாள். பாயைச் சுருட்டினாள். பல் தேய்த்தாள். தண்ணீரை வடிகட்டினாள். மாடிக்குப் போனாள். கொடியிலிருந்து சட்டையை எடுத்தபோது படியில் செருப்புச் சத்தம் கேட்டது. வழக்கத்தைவிடச் சீக்கிரமாக அப்பா வந்து நின்றார். சாப்பாட்டுப் பை இன்னும் தோளில் இருந்தது. மாடி ஏறி அவர் வந்து ரொம்ப நாளாயிற்று.

"பவானி."

"இன்னா நைனா?"

"சைமன் கேட்டான்ல, அன்னிக்கு. எனக்குத் தெரியாதுன்னு சொல்லத் தோணல. கட்னவனுக்கே தெரியாதான்னு கேப்பாங்களேன்னு..." அவர் நிறுத்தினார். "வாய்க்கு வந்தத சொல்லிட்டேன்."

"தெரியும் நைனா."

"தெரிஞ்சா ஏன் இத்தினி நாளா கேக்கல?"

"நீயும்தான் என்னைக் கேக்கல."

அப்பா தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தார். தூரத்தில் துறைமுகத்துக் கிரேன்கள் தெரிந்தன. ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே போனது. அது போய் முடிகிற வரைக்கும் அவர் காத்திருந்தார்.

"இன்னாதான் சொன்னா?" என்று கேட்டார்.

"பெருசா ஒண்ணும் இல்ல நைனா."

"பரவால்ல. சொல்லு."

பவானி சட்டையை மூன்று முறை உதறினாள். மடித்து அப்பாவின் மடியில் வைத்தாள். அப்புறம் சொன்னாள். அம்மா டிபன் பையோடு வாசல்படியில் நின்றதை. ஒரு காலில் செருப்பு மாட்டி, இன்னொன்றைக் காலால் தேடியதை. தேடிக்கொண்டே அவள் பக்கம் திரும்பியதை. வேலைக்கு நேரமாகிவிட்டதால் அவசர அவசரமாகச் சொன்னதை.

"மாடில உங்க நைனா சட்டை கீது. கரி படியறதுக்குள்ள எடுத்து ஒதறி வெச்சிடு. இல்லாங்காட்டி மனுசன் அப்டியே மாட்டிக்கினு பூடுவாரு."