லாயத்தில் திராட்சை வாசனை

லாயத்துக்குள் யாரும் திராட்சை கொண்டுவருவதில்லை. ஆனாலும் அன்று காலை துரையின் தடுப்புக்குள் நுழைந்ததும் நர்ஸின் மூக்கில் முதலில் ஏறியது அதுதான்: பழுத்துத் தோல் வெடித்து ஒரு நாள் முழுக்க வெயிலில் கிடந்த திராட்சையின் இனிப்பு. ஈர வைக்கோல், குதிரை லத்தி, மருந்து நெடி எல்லாவற்றுக்கும் மேலே அது தனியாக மிதந்துகொண்டிருந்தது. தீவனத் தொட்டிக்குள் பார்த்தாள். வைக்கோலைக் காலால் கிளறினாள். கடைசியில் துரையின் வயிற்றுக்கடியில் தொங்கிய, சிறுநீர் சேரும் பிளாஸ்டிக் பையைக் குனிந்து முகர்ந்தபோது வாசனை அதிலிருந்துதான் வருவது தெரிந்தது.

துரை அந்தக் கால்நடை ஆஸ்பத்திரியிலேயே பெரிய குதிரை. சிறுநீர்ப்பையிலிருந்து எலுமிச்சம்பழம் அளவு கல்லை அறுத்து எடுத்து, புண் ஆறும்வரை இருக்கட்டும் என்று சிறுநீர் இறங்கக் குழாயும் பையும் போட்டிருந்தார்கள். பிடித்த காய்ச்சல் இன்னும் விடவில்லை.

குழாய் அடைத்துக்கொள்ளும்போதெல்லாம் அவள் விசிலடிப்பாள். குதிரைக்காரர்கள் எல்லோரும் செய்வதுதான். பழகிய குதிரை அதைக் கேட்டால் சிறுநீர் கழிக்கும். அவளுடைய விசில் தாழ்வாகத் தொடங்கி முடிவில் மட்டும் மேலே ஏறும். துரை கால்களை அகட்டி, முதுகை வளைத்து, நெற்றியைச் சுவரில் முட்டிக்கொண்டு முக்கினான். குழாயில் பச்சையாக ஏதோ நூல் பிடித்ததுபோல் இறங்கியது. பாவம் என்று நினைத்தாள். பயமாகவும் இருந்தது.

வீட்டில் அவள் கணவருக்கும் அதே கல், அதே வாரம் ஆபரேஷன். அவரும் குழாயும் பையுமாகத்தான் கட்டிலில் கிடந்தார். "உன் மூத்த புருஷன் எப்படி இருக்கான்?" என்று துரையைப் பற்றித் தினமும் கேட்பார். "உங்கள மாதிரி முனகறதில்ல" என்பாள். அவளைப்போல விசிலடித்துக் காட்டப் பார்ப்பார். வெறும் காற்றுதான் வரும். இருவரும் சிரிப்பார்கள்.

மதியம் டாக்டர் வந்தார். தடுப்புக்கு வெளியிலேயே நின்றுகொண்டார்.

"கடைசி ஊசியும் வீண்மா. இந்தத் திராட்சை வாசனைக் கிருமி எதுக்கும் அசைய மாட்டேங்குது. இதுக்கு மேல குடுக்க மருந்தே கிடையாது. மனுஷங்களுக்கு வந்தாலும் இதே கதிதான்."

"இது எங்கேருந்து வந்துச்சு, டாக்டர்?"

அவர் மூலையிலிருந்த நீல டிரம்மைக் காட்டினார். குழாயைத் துடைக்கும் கிருமிநாசினியை அதில்தான் கலக்கிவைப்பார்கள். குறையக் குறைய மேலே ஊற்றி நிரப்புவது அங்கே வழக்கம். கேட்டால் சிக்கனம் என்பார்கள். அடிவரை காலிசெய்து கழுவியதாக யாருக்கும் ஞாபகம் இல்லை.

"அதைக் கொல்ல வச்ச தண்ணியிலயே குடித்தனம் நடத்தியிருக்கு," என்றார் டாக்டர். "நாமதான் துடைச்சுத் துடைச்சு உள்ள அனுப்பியிருக்கோம்."

அவள் போனைத் தேடி எடுத்தாள். துரையை நினைத்து அல்ல. கடையில் விற்பதைவிட ஆஸ்பத்திரிச் சரக்குக்கு வீரியம் அதிகம் என்று நம்பி, இதே டிரம்மிலிருந்துதான் ஒரு பழுப்பு பாட்டிலை நிரப்பி வீட்டுக்கு எடுத்துப்போயிருந்தாள். அது கட்டிலுக்கடியில் இருந்தது. காலையும் மாலையும் பஞ்சை அதில் நனைத்து, வலிக்காமல், பார்த்துப் பார்த்துக் கணவரின் குழாயைத் துடைத்தது அவள் கைதான்.

வீட்டுக்குப் போன் போட்டாள்.

"அந்த மருந்து பாட்டிலத் தொடாதீங்க! கேக்குதா?"

"இப்பத்தான் நானே துடைச்சுக்கிட்டேன். நீ மெச்சிப்பேன்னு பார்த்தா..." சிரித்தார். பற்கள் கிடுகிடுப்பது போனிலேயே கேட்டது. "குளிருது, அவ்வளவுதான். ஆமா, திராட்சை வாங்கி எங்க ஒளிச்சு வச்சிருக்க? வீடு பூரா மணக்குது."

அந்தப் பக்கம், அவருக்குப் பின்னால், யாரோ மெல்ல விசிலடித்தார்கள். பிறகு போன் துண்டித்துப்போனது. திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

அவள் லாயத்தின் வாசலைத் தாண்டும்போது பின்னால் துரை விழுந்தான். தகரக் கூரை அதிர்ந்தது. டாக்டர் ஏதோ கத்தினார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

மழை பிடித்துக்கொண்டது. பொழுது சாயும் முன்பே தெரு இருட்டிக் கிடந்தது. அவள் வீடு மாடியில். முதல் படியில் கால் வைத்ததுமே வாசனை வந்தது, ஏற ஏறக் கெட்டியாகி, நாக்கில் இனிப்பாகவே படிந்தது. கதவு திறந்திருந்தது.

"என்னங்க?"

எங்கோ சொட்டுச் சொட்டாக விழும் சத்தம். சமையலறைக் குழாயை இறுக்கி மூடினாள். சத்தம் நிற்கவில்லை.

ஈர வைக்கோல் நெடி. தன் செருப்பில் ஒட்டிவந்ததாக இருக்கும். அப்படியே இருக்கட்டும், கடவுளே.

படுக்கையறை. கட்டில் காலி.

சுவரோரம் அவர் நின்றார். கால்களை அகட்டி. முதுகை வளைத்து. நெற்றியைச் சுவரில் முட்டி. பை நிரம்பி வழிந்து, அவர் பாதங்களைச் சுற்றிப் பச்சையாகத் தேங்கியிருந்தது.

"இங்க பாருங்க. நான்தான்."

அவர் திரும்பவில்லை.

அப்போது விசில் கேட்டது. தாழ்வாகத் தொடங்கியது. முடிவில் மட்டும் மேலே ஏறியது. அவளுடைய விசில். அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். உதடுகள் இறுக மூடியிருந்தன. விசில் நிற்கவில்லை. கட்டிலுக்கடியிலிருந்து வந்தது, பாட்டில் இருந்த இடத்திலிருந்து.

சுவரோரம் அவர் கால்களை இன்னும் கொஞ்சம் அகட்டினார்.