பின்கண்ணாடியில் ஒரு ஜெர்மன் எச்சரிக்கை

"அதைப் பத்த வைக்காதீங்க..."

மழைச் சத்தத்தில் தன் குரல் அவனுக்குக் கேட்டதா என்று கிறிஸ்டினாவுக்குத் தெரியவில்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியின் முதலுதவி அறையில் அவள் நர்ஸ். ஷிப்ட் முடிந்து ரயிலுக்கு நடந்தவளை மழை பிடித்துக்கொள்ள, பழைய வண்டிகளை உடைக்கும் ஷெட்டில் ஒதுங்கியிருந்தாள்.

ஒரு காரின் பின்னால் கேஸ் கட்டரும் லைட்டருமாகக் குனிந்திருந்தவன் நிமிர்ந்தான். கரி படிந்த முகம். கண்கள் மட்டும் மழையில் கழுவினாற்போல்...

"இன்னா சிஸ்டர்?"

"அந்தக் கார் கண்ணாடில ஏதோ ஜெர்மன்ல எழுதியிருக்கு."

"ஜெர்மன் வண்டி, ஜெர்மன்லதான் எழுதியிருப்பான்." அவன் சிரித்தான். "மூணு வருஷமா வண்டி வெட்றான் இந்த லோகு. ஸ்டிக்கர் படிச்சிக்கினா வெட்றேன்?"

அந்த நாட்டில் வேலைக்குப் போகத்தான் அவள் ஜெர்மன் படித்துக்கொண்டிருந்தாள். பரீட்சையில் ஒரு முறை தோற்றும் இருந்தாள். வெயிலில் உரிந்த எழுத்துகளைக் கூட்டிக் கூட்டிப் படித்தாள். ஃபோர்சிஷ்ட்... எச்சரிக்கை. அடுத்த வார்த்தையில் பாதி இல்லை. ...ஸிக்-காஸ். ஃப்ளூஸிக்-காஸ் என்றிருந்தால், திரவ வாயு. கடைசியில் கோஃபர்ராவும். கோஃபர் என்றால் பெட்டி, ராவும் என்றால் இடம். பெட்டி வைக்கும் இடம்... டிக்கி.

டிக்கியில் திரவ வாயு.

தப்பாகப் படித்திருந்தால் இவன் முன்னால் அவமானம். சரியாகப் படித்திருந்தால்...

ஓடிப்போய் டிக்கியை மறைத்து நின்றாள்.

"உள்ள கேஸ் டேங்க் இருக்கு."

"பெட்ரோல் டேங்க்க காலைலயே கழட்டிட்டேன். நவுருங்க சிஸ்டர்."

"சிஸ்டர்னு கூப்பிடாதீங்க. தொறந்து பாருங்க."

அவன் முறைத்தான். அவள் நகரவில்லை. முணுமுணுத்துக்கொண்டே லைட்டரைப் பைக்குள் போட்டு டிக்கியைத் தூக்கினான். விரிப்பை விலக்கினான். ஸ்டெப்னி இருக்க வேண்டிய குழியில் வட்டமாக ஓர் இரும்பு டேங்க். மெல்லிய சீறல்... கேஸ் வாடை.

அடுத்த நொடி அவள் கையைப் பிடித்து இழுத்தபடி மழைக்குள் ஓடினான். தீயணைப்பு வண்டி வரும்வரை இருவரும் ரோட்டோரம் நனைந்துகொண்டு நின்றார்கள். அவள் கையை அவன் இன்னும் விடவில்லை.

அதன் பிறகு தினமும் டீக்கடையில் சந்திப்பு... பத்து நிமிடப் பேச்சு. அவள் பரீட்சையில் தேறிவிட்டாள், இரண்டு மாதத்தில் புறப்படுகிறாள் என்று கேட்ட அன்று அவன் முகம் வாடியது.

"நீங்க போற எடம் வேற. நான் இரும்பு வெட்றவன். நமக்குள்ள இது வேணாம் மேடம்."

"சரி," என்று எழுந்து வந்துவிட்டாள். அவளுக்கும் ரோஷம் இருந்தது.

ஆனால் பயம் போகவில்லை. எங்கே எது விழுந்து சத்தம் கேட்டாலும் ஷெட் பக்கம்தான் கண் போனது.

பத்தாம் நாள் மதியம், ஷெட் பக்கமிருந்து டமாரென்று ஒரு வெடிச்சத்தம். முதலுதவி அறையின் ஜன்னல் அதிர்ந்தது. யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் ஓடினாள். கர்த்தரே... கர்த்தரே... வேறெதுவும் வாயில் வரவில்லை.

ஷெட் வாசலில் கூட்டம். வெடித்தது ஒரு லாரி டயர். லோகு அதன் பக்கத்தில் முழுசாக நின்றுகொண்டிருந்தான்.

அவன் கைகளைப் புரட்டிப் பார்த்தாள், கழுத்தைப் பார்த்தாள். எங்கும் காயமில்லை. அப்படியே டயர் குவியல்மேல் உட்கார்ந்து அழுதாள்.

"யாருக்கும் ஒண்ணும் ஆவல. எதுக்கு அழுவுற?"

"தெனமும் இப்படித்தான்... சத்தம் கேட்டா நீதானோன்னு. சோறு எறங்கல. வேணாம்னு நீ சொல்லிட்டா எல்லாம் போயிடுமா?"

அவன் அவளெதிரே குந்தினான்.

"எனக்கும் பயம்தான். போனா நீ திரும்ப மாட்டேன்னு... அதான் நானே முன்னாடி ஒதுங்கிட்டேன். உன்ன புடிக்காமலா?"

"ரெண்டு வருஷத்துல வந்துடுவேன். அதுவரைக்கும் பத்திரமா இருப்பியா?"

"இருக்கேன்." எழுந்து நின்றான். "ஞாயித்துக்கிழம ஊட்டுக்கு வந்து உங்க நைனாகிட்ட பேசட்டா?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சனிக்கிழமையே வா," என்றாள்.